உதட்டுக்குப் பொருந்திய வார்த்தை

என் மாமாவை டப்பிங் தியேட்டரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கூட்டம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். "கூட்டம் டீ குடிக்கப் போயிருக்கு" என்று யாராவது பதில் சொல்வார்கள். ஒல்லியான உடம்பு, சரிந்த தோள், காதோரம் முழுக்க நரை. அந்த ஒற்றை ஆள்தான் கூட்டம்.

படத்தில் கடைத்தெருவோ ரயில் நிலையமோ கல்லூரி வாசலோ வந்தால் பின்னணியில் ஒரு இரைச்சல் கேட்கும். நடிகர்களின் பேச்சைத் தனியாகப் பதிவு செய்வதைப் போல அந்த இரைச்சலையும் ஒரு அறைக்குள் ஆட்களை நிற்கவைத்துப் பதிவு செய்கிறார்கள். மாமாவும் அவருடைய சகாக்கள் இரண்டு மூன்று பேரும் மைக்கைச் சுற்றி நடந்துகொண்டே பேசுவார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் பேசினால் குரல் தூரத்திலிருந்து வரும். உள்ளங்கையால் வாயை மூடிப் பேசினால் அது வேறொரு ஆள். மூக்கைப் பிடித்துக்கொண்டால் ஒரு கிழவர். அதையே திரும்பத் திரும்பப் பதிவு செய்து ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஊர் திரண்ட மாதிரி இருக்கும். "உங்க மாமா ஊரையே வாய்க்குள்ள வச்சிருக்கான், வீட்டுக்கு வந்தா மட்டும் வாய்க்குப் பூட்டு" என்பாள் அம்மா. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தார். சாப்பாட்டுக்குக் கீழே வருவார், தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போவார்.

கூட்டத்தில் என்னதான் பேசுவீர்கள் என்று சின்ன வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். வாயில் வருவதை என்றார். பல்வலி, பஸ் வராதது, செருப்பு அறுந்தது. யாருக்கும் அது புரியக்கூடாது, புரிந்தால் சவுண்ட் இன்ஜினியர் நிறுத்திவிடுவார் என்றார்.

நான் பள்ளி முடித்து, அடுத்து என்ன என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்க, எதற்கும் பதில் இல்லாமல் வீட்டில் கிடந்த மாதங்களில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு வந்து, வந்த வாரமே தியேட்டர்களிலிருந்து தூக்கப்பட்ட படம். அதற்கு ஒரு நல்ல தலைப்பு இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. "சொன்னது யாரு படமா?" என்று சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு திரைப்படக் கழகம் அதைத் தேடியெடுத்துச் சுத்தம் செய்து இணையத்தில் போட்டிருந்தது. நான் மூன்று முறை பார்த்தேன். கல்லூரிப் படம் என்றால் ஒரு கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான் என்றுதான் நினைத்திருந்தேன். இதில் கதாநாயகனே இல்லை. விடுதியில் குழாயில் தண்ணீர் வரவில்லை, தேர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, படித்து முடித்த அண்ணன்களுக்கு வேலை கிடைக்கவில்லை. பையன்கள் நடைவழியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தில் பாதி அதுதான். போரடிக்கிறது என்று அந்தக் காலப் பத்திரிகைகளில் எழுதியிருந்தார்களாம். போரடிப்பதை அவ்வளவு உண்மையாக யாரும் காட்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பையன்களை நல்லவர்களாகவும் காட்டவில்லை. ஒரு வயதான அலுவலக உதவியாளரைக் கோப்பறைக்குள் பூட்டிவைத்துச் சிரிக்கிறார்கள். அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டவில்லை, வெறுமனே இருமுகிறார். மாணவர் வேலைநிறுத்தக் கூட்டத்தில் அதிகமாக முழங்கியவன் போலீஸ் வந்ததும் முதலில் ஓடுகிறான். இவ்வளவுக்கும் நடுவில், எதிலும் முன்னால் நிற்காத ஒரு நெட்டைப் பையன் நூலக மாடியிலிருந்து கீழே விழுந்து செத்துப்போகிறான். மறுநாள் வாசலில் மாணவர்கள் திரண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார்கள். "சொன்னது யாரு! சொன்னது யாரு!" படம் அங்கே முடிகிறது.

அந்த முடிவு எனக்குப் புரியவில்லை. ஆனால் கழகத்தை நடத்தும் விரிவுரையாளர் அதைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பையன் செத்துக் கிடக்கும்போது 'கொன்றது யார்' என்று கேட்பதுதான் எல்லாருக்கும் தோன்றும். இயக்குநரோ 'சொன்னது யார்' என்று கேட்கவைக்கிறார். ஆணையிட்ட குரல் எது, பொய்யைச் செய்தியாக்கிய வாய் எது என்று அது கேட்கிறது. இந்த ஒரு வார்த்தைக்காகவே இதைப் பெரும்படம் என்று சொல்ல வேண்டும். இதுதான் கட்டுரையின் சாரம்.

எனக்கு ஒரே பரவசம். மாடிக்கு ஓடிப்போய் மாமாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் படித்து முடித்தபோது இஸ்திரிப் பெட்டி காலரின் மேலேயே நின்றிருந்தது. கருகிய வாசனை வந்த பிறகுதான் எடுத்தார்.

"அது டைரக்டர் போட்ட வார்த்தை இல்ல. நான் போட்டது" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் இவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

படத்தில் வரும் நெட்டை உண்மையில் மாமாவின் அறைத்தோழன். உயரத்தால் வந்த பட்டப்பெயர். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் இடித்துக்கொள்ளாமல் அறைக்குள் நுழைய முடியாது. வேலைநிறுத்தத்தில் எல்லாம் அவனுக்கு ஆர்வம் கிடையாது. போலீஸ் கல்லூரிக்குள் புகுந்த அன்று அவன் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தான். தடியடிக்குப் பயந்து எல்லாரும் நூலக மாடிக்கு ஓடினார்கள், போலீசும் பின்னாலேயே ஏறியது. மாமா படிக்கட்டின் வளைவில் மாட்டிக்கொண்டார். மேலேயிருந்து நெட்டையின் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. "தள்ளாதீங்க, தள்ளாதீங்க" என்றது. பிறகு கேட்கவில்லை.

தவறி விழுந்தான் என்று செய்தி வந்தது. விசாரணை அதிகாரி மாமாவைக் கூப்பிட்டு, தள்ளியதைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். கேட்டேன் என்றார் மாமா. அதிகாரி சிரித்துவிட்டு, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று படித்ததில்லையா தம்பி என்றாராம். அப்படிச் சொன்னவர் அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை. மறுநாள் கல்லூரி வாசலில் மாமாதான் முதலில் கத்தினார். "கொன்னது யாரு!" கத்திய குற்றத்துக்காகக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். அவர் படிப்பு அத்தோடு முடிந்தது.

ஒரு இளம் இயக்குநர் இந்தக் கதையைக் கேள்விப்பட்டு அவரைத் தேடி வந்தார். படம் எடுத்தார்கள். வாசல் காட்சியில் கத்திய மாணவர்களில் பலர் உண்மையாகவே அன்று வாசலில் நின்றவர்கள். அவர்கள் வாய் "கொன்னது யாரு" என்றுதான் கத்தியது. அந்த முழக்கத்துக்கு டப்பிங்கில் குரல் கொடுத்தவர் மாமா. அப்படித்தான் அவர் அந்தத் தொழிலுக்குள் வந்தார்.

தணிக்கையில் படம் நின்றது. யாரும் கொல்லவில்லை என்று விசாரணை முடிந்திருக்கிறது, அந்த வார்த்தை கூடாது, இல்லாவிட்டால் காட்சியையே வெட்டுங்கள் என்றார்கள். அந்தக் காட்சி இல்லாவிட்டால் படமே இல்லை. சத்தத்தை மட்டும் மாற்றலாம், ஆனால் பெரிய பெரிய முகங்கள், உதடு அசைவது அப்பட்டமாகத் தெரியும். மாற்றுகிற வார்த்தை உதட்டில் உட்கார வேண்டும். டப்பிங் தியேட்டரில் விளக்கை அணைத்துவிட்டு அந்தத் துண்டை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். "வந்தது யாரு" பொருந்தவில்லை. "நின்னது யாரு" என்றால் வாய் அகலும், படத்தில் வாய் குவிகிறது. "தின்னது யாரு" என்று சவுண்ட் இன்ஜினியர் சொல்லிப் பார்த்துவிட்டு அவரே தலையில் அடித்துக்கொண்டார். இயக்குநர் மூலையில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அந்த வார்த்தை பட்டுனு வந்துது" என்றார் மாமா. "சொன்னது. போட்டுப் பாத்தோம். கச்சிதமா உக்காந்துது. கடவுளே வந்து பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. எல்லாரும் கை தட்டினாங்க. டைரக்டர் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். நானும் ஏதோ சாதிச்சுட்டதா நினைச்சேன்."

முதல் காட்சிக்கு நெட்டையின் அக்கா வந்திருந்தார். விடுதிக்கு வரும்போதெல்லாம் தம்பிக்கும் மாமாவுக்கும் சேர்த்தே சட்டை தைத்துக் கொண்டுவருகிறவர். மாமா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெட்டை விழுந்தபோது அரங்கம் மூச்சுவிடவில்லை. வாசலில் மாணவர்கள் திரண்டார்கள், கத்தினார்கள், "சொன்னது யாரு!"

முன்வரிசையிலிருந்து ஒருத்தன் சாவகாசமாகச் சொன்னான், "நான் சொல்லலப்பா."

அரங்கமே வெடித்துச் சிரித்தது. அடுத்தடுத்த காட்சிகளில் அதைச் சொல்வதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். பிறகு தெருவில் யாராவது எதையாவது சொன்னால் கையை உயர்த்தி "சொன்னது யாரு" என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. அக்கா அன்று எழுந்து வெளியே போகும்போது மாமாவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "உன் குரல் எனக்குத் தெரியாதா?" அதற்குப் பிறகு அவர் மாமாவிடம் பேசவே இல்லை. மாமாவும் போய்ப் பேசவில்லை. கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கருகிய காலரை விரலால் தேய்த்துக்கொண்டே, அந்த விரிவுரையாளரைப் பார்க்க வேண்டும் என்றார்.

விரிவுரையாளர் நல்ல மனிதர். புத்தகங்களை நாற்காலியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு மாமாவை உட்காரச் சொன்னார். படத்தைக் கழகத்தின் அரங்கில் பெரிய திரையில் போடப்போகிறோம், நீங்களே வந்து நிற்கிறீர்கள் என்று மகிழ்ந்துபோனார். மாமா விஷயத்தைச் சொன்னார். அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய வார்த்தையைத் திரும்பப் போட்டுவிட முடியுமா, நானே வந்து பேசிக்கொடுக்கிறேன் என்று கேட்டார்.

விரிவுரையாளர் உடனே மறுக்கவில்லை. கணினியில் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தார். நிறுத்தி, மெதுவாக ஓட்டி, மறுபடியும் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு, உதடு 'சொன்னது' என்றுதான் அசைகிறது என்றார்.

"அப்படித் தெரியணும்னுதான் சார் அந்த வார்த்தையத் தேடினோம்."

அது சரி, ஆனால் ஆதாரம் வேண்டுமே என்றார் அவர். பழைய ஒலிநாடா இல்லை. இயக்குநர் இல்லை. சவுண்ட் இன்ஜினியரும் இல்லை. மேலும் சுத்தம் செய்வது என்றால் வெளிவந்ததை வெளிவந்தபடி காப்பாற்றுவதுதான், புதிதாக எதையும் சேர்ப்பது தவறு. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதோடு அவர் விட்டிருக்கலாம். கிளம்பும்போது, நீங்கள் சொல்வதே உண்மை என்றாலும் 'சொன்னது' என்பது இன்னும் ஆழமாக இருக்கிறது, தற்செயலும் கலைதான் என்றார். படம் முடிந்ததும் மேடையில் நீங்கள் சில வார்த்தை பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும், "நான் பொருத்தினது அவ்வளவு நல்லா பொருந்தியிருக்கு" என்று மாமா சொன்னார். அது பெருமை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அக்காவின் வீட்டுக்கு அவர் தனியாகப் போகப் பயந்தார். நானும் போனேன். கீழ்த்தளத்தில் ஒரு அறை, அதில் பள்ளிச் சீருடை தைக்கும் மிஷின்கள். வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். அக்கா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பட்டன் துளை வெட்டிக்கொண்டிருந்தார். மாமாவைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. மாமா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்த வார்த்தையைத் தேடிக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னார்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"பயந்துபோய் டைரக்டர் மாத்திட்டார், நீ கூலிக்குப் பேசினன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீயே தேடிக் கொடுத்தியா?"

மாமா தலையசைத்தார்.

"எங்கப்பா சாகற வரைக்கும் அவன் தவறி விழுந்ததாத்தான் சொன்னார். அப்படி நம்பினாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். வெளியாளுங்ககிட்ட நான் எதுவும் சொல்ல முடியல. வாயத் திறந்தா 'சொன்னது யாரு'ன்னு சிரிக்கறாங்க. ஒரு தடவையாவது நாலு பேர் முன்னாடி அவனைக் கொன்னாங்கன்னு யாராவது சொல்லி நான் கேக்கணும். அதை நீ சொல்லுவியா?"

சொல்வேன் என்றார் மாமா.

"அப்ப வரேன். நீ சுத்தி வளைச்சா எழுந்து போயிடுவேன்."

திரையிடல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அரங்கம் முழுக்க என் வயதுக்காரர்கள். நிறைய பேர் 'சொன்னது யாரு?' என்று அச்சடித்த பனியன் போட்டிருந்தார்கள். அக்கா வாசலில் அந்தப் பனியன்களைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு உள்ளே வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெரிய திரையில் படம் இன்னும் நன்றாக இருந்தது. கோப்பறைக்குள் அந்த மனிதர் இருமியபோது எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நெட்டை விழுந்தபோது யாரும் அசையவில்லை. இப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்கவில்லைதான். வாசல் காட்சி வந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. முஷ்டியை உயர்த்தி, மாணவர்களோடு சேர்ந்து கத்தியது. "சொன்னது யாரு! சொன்னது யாரு!" சிலர் அழுதுகொண்டே கத்தினார்கள். அவர்கள் கோபம் பொய் இல்லை, வார்த்தைதான் தவறு. அந்தக் கூச்சலில் மாமாவின் உதடு அசைவதை நான் பார்த்தேன். அவர் எந்த வார்த்தையைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உதட்டைப் பார்த்தால் தெரியாது.

விளக்கு போட்டதும் விரிவுரையாளர் மாமாவை மேடைக்கு அழைத்தார். இந்தப் படத்தின் முழக்கத்துக்குக் குரல் கொடுத்தவர் நம்மோடு இருக்கிறார் என்றார். கைதட்டல் நிற்கவில்லை. ஒரு தடவை கத்திக் காட்டுங்க என்று பின்னாலிருந்து கேட்டார்கள். மாமா மைக்கின் முன்னால் நின்றார். பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பப் போனவர் நிதானித்து எங்களைப் பார்த்து நின்றார்.

"அது 'சொன்னது' இல்ல" என்றார். "நாங்க கத்தினது 'கொன்னது யாரு'. சென்சாருக்காக நான்தான் மாத்திக் கொடுத்தேன். அந்தப் பையன் என் அறையில இருந்தவன். அவன் தவறி விழல. தள்ளிக் கொன்னாங்க. தள்ளாதீங்கன்னு அவன் சொன்னத நான் கேட்டேன்."

அரங்கம் அமைதியானது.  இப்போது எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கோ நடுவிலிருந்து ஒரு குரல், "சொன்னது யாரு?"

கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. அவ்வளவு பாரத்தைத் தாங்க முடியாமல் வாயில் வந்திருக்கும். ஆனால் அரங்கம் சிரித்துவிட்டது. சிரிப்பு பரவி, கைதட்டலாக மாறி, மறுபடியும் முழக்கமானது. மாமா அது அடங்கும் வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடங்கியதும், "நான்தான்" என்றார். தன் முழுப் பெயரைச் சொன்னார். நெட்டையின் முழுப் பெயரையும் சொன்னார். கொன்னாங்க என்று இன்னொரு தடவை சொன்னார். முன்வரிசையில் சிலர் மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். மற்றவர்கள் கலையத் தொடங்கியிருந்தார்கள். விரிவுரையாளர் மைக்கை வாங்கி, படம் திரையைத் தாண்டியும் நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று சொல்லி நன்றி கூறினார்.

வெளியே படிக்கட்டில் அக்கா எங்களுக்காக நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது, குரல் மாறவில்லை.

"சொன்ன. கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. அப்பா உயிரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாம்."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மாமா அவர் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பனியன் போட்ட பையன்களும் பெண்களும் கும்பலாக எதிர்ப்பக்கம் போனார்கள். ஒருத்தி மாமாவை அடையாளம் கண்டு மற்றவர்களுக்குக் காட்டினாள். எல்லாரும் நின்று, அவருக்கு மரியாதையாக, முஷ்டியை உயர்த்தி, சிரித்த முகத்தோடு கத்தினார்கள். "சொன்னது யாரு!"

"கொன்னது" என்று மாமா கத்தினார். நடுவே ஒரு லாரி போனது. அவர் மறுபடியும் கத்தினார். "கொன்னது யாரு!" தங்கள் முழக்கத்துக்கு அவர் பதில் கொடுக்கிறார் என்று எதிர்ப்பக்கம் சந்தோஷப்பட்டது. கையசைத்துக்கொண்டே போனார்கள். அவர்கள் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் மாமா கத்திக்கொண்டிருந்தார், நிறுத்தத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள்.